புற்றுக்கு ஒரு மின்விசிறி

பொக்லைன் எந்திரத்தின் வாளி புற்றின் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் நின்றது. ஓட்டிவந்த எத்திராஜ் சாவியைத் திருகி எந்திரத்தை அணைத்தார். கீழே இறங்கினார். இறங்கியதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். செருப்பைக் கழற்றிய ஆள் இடிக்கமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“சார், இது புத்து. நான் கை வெக்க மாட்டேன்,” என்றார். பூந்தமல்லிக்காரர். பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது.

எதிரே நின்றவர் தனசேகர், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். ஐ.டி. கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். சொந்த ஊர் கோயம்புத்தூர். தலைபோகிற கோபத்திலும் மரியாதை குறையாமல்தான் பேசுவார்.

“ஏனுங்க, அது வெறும் மண்ணுங்க. ஒரு தட்டு தட்டுனா போயிருமுங்க.”

“வெறும் மண்ணுன்னா நீயே தட்டு சார். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீது.”

இதற்குள் என் எதிர் ஃப்ளாட் அமுதா கீழே வந்துவிட்டாள். திருநெல்வேலிப் பெண். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். காதில் ஹெட்போன், ஒரு கையில் மஞ்சள்தூள் டப்பா, இன்னொரு கையில் தண்ணீர்ச் சொம்பு. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஞ்சளைக் குழைத்தாள். புற்றின் நெற்றி என்று அவளுக்குப் பட்ட இடத்தில் பூசினாள். நடுவில் குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு ஹெட்போனில் “யெஸ் யெஸ், லைன்லதான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே படியேறிப் போய்விட்டாள்.

எத்திராஜும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தனசேகர் சுற்றுமுற்றும் பார்த்தார். பால்கனிகளில் ஆட்கள் நிற்பதைக் கண்டதும் அவர் கையும் தானாகக் கன்னத்துக்குப் போனது.

அன்றைக்கு அங்கே நின்றவர்களில் விலங்கியல் படித்தவள் நான் ஒருத்திதான். ‘இது கரையான் கட்டிய வீடு, உள்ளே சாமியும் இல்லை, பாம்பும் இல்லை’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எத்திராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறியிருப்பார். எனக்குப் புற்று வேண்டும். பகுத்தறிவை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பாட்டிலில் ஒரு ராணி

எங்கள் குடியிருப்பு நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அதன் பெயரில் ஓர் ஏரி உண்டு. ஏரி எங்கே என்று கேட்கக்கூடாது. நாங்கள் அதன் மேல்தான் குடியிருக்கிறோம் என்பது என் சந்தேகம். விற்கும்போது காட்டிய படத்தில் ‘பூங்கா’ என்று பச்சையாகத் தீட்டியிருந்த இடம் பின்பக்கம் முள்ளும் புல்லுமாகக் கிடந்தது. அங்கேதான் அந்தப் புற்று வளர்ந்தது. நான் குடிவந்தபோது முழங்கால் உயரம். அப்புறம் என் இடுப்புக்கு வந்துவிட்டது. அந்த இடத்தை மட்டமாக்கிக் கார் நிறுத்த வேண்டும் என்பது சங்கத்தின் நெடுநாள் கனவு.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு கரையான் ராணி ஃபார்மலினில் மிதந்தாள். சுண்டுவிரல் தடிமன், வெளுத்துப்போன வயிறு. வருஷா வருஷம் அதே பாட்டிலைத் தூக்கிக் காட்டி, ‘இது ராணி, இது சிப்பாய், இது வேலைக்காரர்’ என்று ஒப்பித்தேன். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படம் வரைந்தார்கள். செத்ததைக் காட்டியே காலத்தை ஓட்டிவிட்டேனே என்ற குறை எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

இப்போது உயிருள்ள ஒரு குடும்பம், அதுவும் லட்சக்கணக்கான ஆட்களோடு, என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே வந்து வீடு கட்டியிருக்கிறது. விடுவேனா?

காபி குடித்த கையோடு தினமும் இறங்கிப் போவேன். கொண்டை ஊசியால் புற்றின் விலாவில் ஒரு சின்னத் துளை போடுவேன். உடனே சிப்பாய்கள் வந்து தலையை நீட்டும். கண் கிடையாது. பெரிய தாடையை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். பின்னாலேயே வேலைக்காரர்கள் வாயில் ஈரமண் உருண்டையோடு வருவார்கள். அவர்களுக்கும் கண் கிடையாது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் துளை அடைத்திருக்கும். புதுமண் மட்டும் கொஞ்சம் கருப்பாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மேலே வந்தால் எனக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.

சங்கு ஊதினால் சைக்கிள்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ‘அம்மணி, உங்களுக்கு எதைப் பார்த்தாலும் பூச்சியாகத்தான் தெரியுமா?’ என்று கேட்டிருந்தார். ஆமாம் ஐயா. வளர்ந்த இடம் அப்படி.

நான் வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். காலையில் சங்கு ஊதும். ஊதிய சூட்டோடு ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு சைக்கிள் கிளம்பும். எல்லாம் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகும். சாயந்திரச் சங்குக்கு எல்லாம் திரும்பி வரும். நடுவில் குவார்ட்டர்ஸ் முழுக்கக் குழம்பு தாளிக்கிற வாசனை. மதுரைக்காரர் வீட்டில் ஒரு வாசனை, வேலூர்க்காரர் வீட்டில் ஒரு வாசனை. எந்த ஊரிலிருந்து வந்தவரானாலும் சங்குக்கு மட்டும் ஒரே மாதிரி எழுந்தார்கள்.

அங்கே வீடுகளுக்கு டைப் உண்டு. ஒன்றாம் டைப், இரண்டாம் டைப், மூன்றாம் டைப் என்று போய் அதிகாரிகள் பங்களாவில் முடியும். இரண்டாம் டைப்பில் இருக்கிற அம்மாள் ஒன்றாம் டைப் வீட்டில் காபி குடிக்கமாட்டாள். ‘வயிறு சரியில்லை’ என்பாள். அந்த வயிறு மூன்றாம் டைப் வீட்டில் மட்டும் நன்றாக வேலை செய்யும்.

கரையானிலும் டைப் உண்டு. ஆனால் பிறக்கும்போது கிடையாது. முட்டையெல்லாம் ஒரே மாதிரிதான். எவருக்கு என்ன ஊட்டம் கிடைக்கிறது, அந்த நேரத்தில் புற்றுக்கு யார் தேவை என்பதைப் பொறுத்து ஒருவர் சிப்பாயாவார், ஒருவர் வேலைக்காரராவார், ஒரு சிலருக்குச் சிறகு முளைக்கும்.

எங்கள் வீட்டில் நான் மூத்தவள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். இரண்டு தம்பிகள். வீட்டுக்கு யார் தேவை என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஒருவனைப் படிக்க வைத்தேன். இன்னொருவனுக்கு மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வைத்துக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்தேன். எனக்குச் செய்ய ஆள் இல்லை.

கல்யாண மண்டபங்களில் என்னை இதற்காகவே தேடி வருகிற பெண்மணிகள் உண்டு. ஒருத்தி, கையில் வெற்றிலையோடு, “ஏம்மா, உனக்குன்னு ஒரு புள்ள இல்லாமப் போச்சே” என்றாள்.

“அப்படிச் சொல்லாதீங்க. வேலைக்காரக் கரையான் ஏன் பிள்ளை பெத்துக்கறதில்லைன்னு தெரியுமா? கூடப்பிறந்தவங்களை வளர்த்தாலே தன் ரத்தம் பிழைச்சுடும். சொந்தப் பிள்ளைகிட்ட நம்ம ரத்தம் அரைப் பங்கு, தம்பி பிள்ளைகிட்ட கால் பங்கு. நாலு பிள்ளைங்க இருக்கு. நான் ரெண்டு பெத்த கணக்கு,” என்றேன்.

அவள் பக்கத்தில் இருந்தவளிடம், “பாவம், நல்லாப் படிச்சவ” என்று சொன்னது என் காதில் விழுந்தது. அங்கே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் புற்று எனக்கு வெறும் பாடப்புத்தகம் இல்லை. அதற்குள் இருந்தவர்கள் என் ஜாதி.

ராணியம்மாவின் பாடு

மஞ்சள் பூசிய கொஞ்ச நாளில் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. தனசேகர் என் வீட்டுக்கு வந்தார்.

“மேடம், நம்ம புத்துக்கும் பேர் கெடச்சிருச்சுங்க. ‘கரையானிடம் கற்கும் தலைமைப் பண்பு’ன்னு ஒரு பத்து நிமிஷம் பேசிருங்க. ராணி எப்படி டீமை மேனேஜ் பண்றாங்கன்னு.”

ராணி ஒன்றையும் மேனேஜ் செய்வதில்லை என்பதைச் சொல்லத்தான் ஒப்புக்கொண்டேன்.

மைக்கைப் பிடித்துச் சொன்னேன். ராணிக்கு அறை உண்டு, வாசலில் அவள் நுழைய முடியாது. அவ்வளவு பெருத்துவிடுவாள். திரும்பிப் படுக்க முடியாது. ஊட்டிவிட்டால் தின்பாள், முட்டை போடுவாள், மறுபடி தின்பாள். பக்கத்தில் ராஜா என்று ஒருவர் உண்டு, வருஷக்கணக்காக அங்கேயே இருப்பார், சிறகெல்லாம் உதிர்ந்த மனிதர். சிப்பாய்க்குத் தாடை பெரிது என்பதால் தானாகத் தின்னத் தெரியாது, அவருக்கும் ஊட்ட வேண்டும். வேலைக்காரர்கள்தான் எல்லாம். உள்ளே காளான் தோட்டம் போட்டு, இலைச் சருகையும் குச்சியையும் தின்று கொண்டுவந்து உரமாகக் கொட்டி, விளைந்ததை எல்லோருக்கும் பங்கு வைக்கிறார்கள்.

“அப்ப டெசிஷன் யாருங்க எடுக்கறது?” என்றார் தனசேகர் முதல் வரிசையிலிருந்து.

“யாரும் எடுக்கறதில்லை சார். ஒருத்தர் எச்சிலில் நனைச்ச மண்ணை ஒரு இடத்தில் வைப்பார். அந்த வாசனைக்கு அடுத்தவர் அங்கேயே கொண்டுவந்து வைப்பார். மண் ஏற ஏற வாசனை ஏறும். தூண் வந்துடும். ரெண்டு தூண் பக்கத்தில் வந்தா வளைவு வந்துடும்.”

“மீட்டிங்கே இல்லாமயா?”

“இல்லாமத்தான்.”

“அது எப்படிங்க, பெரிய லெவல்ல ஒர்க் அவுட் ஆகுமுங்க?”

“நம்ம பி பிளாக் லிஃப்ட் நின்னு எவ்வளவு நாளாச்சு சார்?” என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. தனசேகரும் சிரித்தார். லிஃப்ட் இன்றைக்கும் நிற்கிறது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆசிரியை புத்தி, பரிணாமத்துக்குப் போய்விட்டேன். கரையானும் கரப்பானும் பங்காளிகள். ஒரு காலத்தில் இவர்களின் மூதாதையர் மரத்தைத் தின்று வாழ்ந்த கரப்பான் வகை. மரம் செரிக்க வயிற்றுக்குள் நுண்ணுயிர் வேண்டும். அதைப் பிறக்கும்போது கொண்டுவர முடியாது, பெரியவர்களின் உடம்பிலிருந்துதான் வாங்கித் தின்ன வேண்டும். அதனால் பிள்ளைகள் பெற்றோரை விட்டுப் போக முடியாமல் கூடவே இருந்துவிட்டார்கள். அப்படித்தான் கூட்டுக்குடும்பம் வந்தது என்று நினைக்கிறோம் என்றேன்.

சி பிளாக் அம்மாள் ஒருத்தி எழுந்தாள்.

“மேடம், அப்ப நம்ம அம்மன் கரப்பான் பூச்சிக்குச் சொந்தமா?”

நல்லவேளை, பிரியாணி வந்துவிட்டது.

பாலும் முட்டையும்

வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் சேர்ந்தது. முதலில் அமுதா மட்டும். பிறகு ஏ பிளாக். பிறகு வெளியிலிருந்து, ஸ்கூட்டரில். பால் ஊற்றினார்கள், முட்டை உடைத்தார்கள். பாம்பு பார்த்ததாக ஒருவர் சொன்னார். அடுத்த வாரம் அதே பாம்பை இன்னொருவர் படம் எடுக்க வைத்தார். ஆடி மாதம் முடிவதற்குள் அதற்கு ஐந்து தலை முளைத்துவிட்டது. பரிணாமம் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

மஞ்சள் மேல் மஞ்சளாக ஏறியது. மண் தெரியாமல் பூசினார்கள். என் கொண்டை ஊசி இறங்க மறுத்தது. சுரண்டி ஒரு துளை போட்டேன். மறுநாள் பாதிதான் அடைத்திருந்தது. முட்டை நாற்றத்துக்குக் கட்டெறும்பு வரிசை வந்துவிட்டது. எறும்பும் கரையானும் பரம்பரை எதிரிகள்.

புற்றின் சுவர் இருக்கிறதே, அதுதான் அந்தக் குடும்பத்தின் மூக்கு. சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் உள்ளிருக்கும் காற்று மாறி மாறிச் சுழன்று, கெட்ட காற்று அந்தச் சுவர் வழியாகத்தான் வெளியே போகும். அதன் மேல் மஞ்சளும் பாலாடையும் பூசினால் தூங்குகிறவர் மூக்கில் சாந்து வைத்து அப்புவதுதான்.

நான் அமுதாவிடம் போய்ச் சண்டை போட்டேன்.

“நீ ஆரம்பிச்சு வெச்சதுடி. மூச்சு முட்டிச் சாகப்போகுது.”

“என்னக்கா இப்படிச் சொல்லுதிய. நான் காப்பாத்தத்தான பூசுனேன். அன்னைக்கு நீங்க என்ன செஞ்சிய? சும்மா நின்னுட்டுல்லா இருந்திய.”

அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குள் சங்கம் ‘புற்று மண்டப உபகமிட்டி’ அமைத்துவிட்டது. லிஃப்டுக்கு இல்லாத ஆர்வம் எல்லோருக்கும் இதில் இருந்தது. தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், நான்கு ஆலோசகர்கள். மேலே தகடு போட்ட கூரை, கீழே கிரானைட், புற்றைச் சுற்றித் தொடையளவுக்கு டைல்ஸ். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்பார்கள். இங்கே பாம்புக்குக்கூட இடம் கிடைக்கவில்லை, அசோசியேஷன் குடிபுகுந்துவிட்டது.

பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

“டைல்ஸ் ஒட்டாதீங்க. பால் ஊத்தாதீங்க. கும்பிடறதைத் தள்ளி நின்னு கும்பிடுங்க. அதுக்குக் காத்து வேணும். காத்து இல்லைன்னா உள்ளே எல்லாம் செத்துடும்.”

யாரும் மறுத்துப் பேசவில்லை. தனசேகர் மடிக்கணினியில் தட்டிக்கொண்டார். “ரொம்ப வேலிட் பாயிண்டுங்க மேடம். காத்து வேணும். இதை நாங்க உடனே எடுத்துக்கறோமுங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர்கள் நல்லவர்கள்தான், சொல்கிற விதத்தில் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கீழே போனேன். டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தார்கள். சிமெண்ட் காய்ந்துகொண்டிருந்தது. மேலே கூரையின் நடுவில் புத்தம்புது மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

“நீங்க சொன்னீங்கல்லங்க, காத்து வேணும்னு,” என்றார் தனசேகர், பூரிப்போடு. “ஸ்பான்சர் உடனே கெடச்சுட்டாருங்க.”

மூன்று இறக்கையிலும் சிவப்பு எழுத்தில் ‘உபயம்’ போட்டு ஒரு ஃப்ளாட் எண்ணும் குடும்பப் பெயரும் எழுதியிருந்தது. வேகமாகச் சுற்றினால் பெயர் தெரியவில்லை என்று அந்தக் குடும்பம் வருத்தப்பட்டதாம். அதனால் எப்போதும் ஒன்றாம் நம்பரில்தான் வைக்க வேண்டும் என்று தீர்மானம்.

டைல்ஸுக்கு மேலே கொஞ்சம் மண் தெரிந்த இடத்தில், மஞ்சளைச் சுரண்டி, கொண்டை ஊசியால் ஒரு துளை போட்டேன். சிப்பாய் வரவில்லை. மறுநாள் துளை அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே இருந்தது. நாலைந்து நாள் போய்ப் பார்த்துவிட்டு, போவதை நிறுத்திவிட்டேன். சாவு வீடு போலத்தான் இருந்தது எனக்கு. சாவு வீட்டில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கார் நிற்கும் இடம்

மண்டபம் போக மிச்சமிருந்த நிலத்தில் சிமெண்ட் கல் பதித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். விருந்தினருக்கு என்றுதான் தீர்மானம். முதல் இடத்தில் மட்டும் ‘சங்கச் செயலாளர்’ என்று பலகை வந்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் சாயந்திரம் நல்ல மழை பெய்து ஓய்ந்தது. விளக்கு போடுகிற நேரம். மண்டபத்தின் டியூப்லைட்டைச் சுற்றி ஏதோ புகை மாதிரி ஆடியது. பால்கனிக்கு வந்து பார்த்தேன். ஈசல்.

இந்த வயதில் அப்படிப் படியிறங்கக்கூடாது. இறங்கினேன். சிறகு முளைத்த கரையான்தான் ஈசல். அது மண்டபத்திலிருந்து வரவில்லை. தனசேகர் காருக்கு அடியில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த இடுக்கிலிருந்து வந்தது. வரிசையாக ஏறி வந்து, ஒரு நொடி நின்று, சிறகை விரித்துப் போய்க்கொண்டே இருந்தது. அந்த இடுக்கின் ஓரத்தில் கண்ணில்லாத சிப்பாய்கள் நின்று காவல் காத்தன. மேலே எல்லா வீட்டிலும் “லைட்டை அணை, லைட்டை அணை” என்று குரல். ஒவ்வொரு பிளாக்காக இருட்டானது. யாரும் சுற்றறிக்கை அனுப்பாமலே எல்லோரும் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அமுதா டார்ச்சோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். கீழே விழுந்த ஈசல்கள் சிறகை உதிர்த்துவிட்டு, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக ஜோடி ஜோடியாக ஓடிக்கொண்டிருந்தன.

“ஏக்கா, அழுதியளா?”

“உயிரோடதான்டி இருக்காங்க,” என்றேன். “அங்கே மூச்சு விட முடியலைன்னு இங்கே வாசல் வெச்சுட்டாங்க.”

அதே குடும்பம்தானா என்று கேட்டால் என்னால் நிரூபிக்க முடியாது. மண்ணுக்கடியில் அவர்களுக்கு எத்தனையோ பாதை. அதே குடும்பம் என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சில வாரங்களில் அந்த இடுக்கிலிருந்து மண் எழும்பியது. முதலில் விரல் உயரம், பிறகு சாண் உயரம். தனசேகரின் காரைத் தள்ளி நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு சனிக்கிழமை காலை பழக்கமான சத்தம் கேட்டது. எத்திராஜ், பொக்லைனோடு.

நான் போய்ச் சேர்வதற்குள் அமுதா மஞ்சள் டப்பாவோடு பாதி தூரம் வந்துவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வேண்டாம்.”

“அக்கா, இடிச்சிருவாங்கக்கா.”

“நீ பூசினா எல்லாரும் வந்து பூசிக் கொன்னுடுவாங்க. மஞ்சளைக் குழம்புக்குப் போடு, போ.”

எத்திராஜ் மேலிருந்தே எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை.

“இன்னாம்மா, அங்க இருந்தா சாமி, இங்க இருந்தா சாமி இல்லியா?”

“சாமி மண்டபத்தில் ஃபேன் காத்தில் நல்லா இருக்கு எத்திராஜ். இது கரையான் வீடு. உள்ளே குடும்பம் இருக்கு.”

“ஊடா?” அவர் எந்திரத்தை அணைத்தார். “சார், ஊடுன்னா நோட்டீஸு குடுத்துக்கினீங்களா? போன தபா ஒரு எடத்துல நோட்டீஸு இல்லாம ஊட்ட இட்ச்சிட்டு, மிஷினோட என்னிய ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சுட்டாங்கோ. பேப்பர் இல்லாம நான் தொட மாட்டேன்.”

கிண்டலா, நிஜமா என்று அந்த முகத்தைப் பார்த்து இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தனசேகர் மட்டும் கலங்கிவிட்டார்.

“நோட்டீஸுங்களா? அதை யாருக்குங்க குடுக்கறது?”

எனக்குச் சட்டென்று வழி தெரிந்தது. இத்தனை காலம் பூச்சிகளைப் படித்தவள், பக்கத்திலிருந்த மனிதக் கூட்டத்தைப் படிக்காமல் விட்டிருந்தேன்.

“செயலாளர் சார், அவசரப்பட்டு எதுவும் செய்யாதீங்க. நாளைக்கு யாராவது ப்ராசஸ் எங்கேன்னு கேட்டா உங்க பேர்தான் கெடும். ஒரு ஆய்வுக்குழு போடுங்க. ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் ரெண்டு பேர். எல்லாரும் சேர்ந்து நேரில் பார்த்து, அறிக்கை கொடுத்து, பொதுக்கூட்டத்தில் வெச்சு முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

தனசேகரின் முகம் மலர்ந்தது. பல நாள் கழித்து ஒருவர் அவருடைய பாஷையில் பேசியிருக்கிறார். “இதைத்தானுங்க மேடம் நானும் நெனச்சேன். நீங்களே குழுவுக்குத் தலைமை ஏத்துக்கங்க.”

ஏற்றுக்கொண்டேன். எத்திராஜ் எந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று மாலையே அந்தக் கார் இடத்தைச் சுற்றி ஆரஞ்சுக் கூம்புகள் வைத்து, நாடா கட்டி, ‘ஆய்வில் உள்ளது, தொடாதீர்கள்’ என்று பலகை மாட்டிவிட்டார்கள். பால் ஊற்ற வந்த சி பிளாக் அம்மாளைக் காவலாளி திருப்பி அனுப்பியதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

குழு இன்னும் கூடவில்லை. ஒருவருக்கு ஞாயிறு முடியாது, ஒருவருக்கு ஞாயிறு மட்டும்தான் முடியும். ஒருவர் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் இல்லாமல் கூட்டம் செல்லாது என்று விதியில் நான்தான் சேர்த்தேன். ‘எப்போது மேடம் கூடலாம்?’ என்று வாட்ஸாப்பில் கேட்கிறார்கள். எல்லோருக்கும் வசதியான நாளாகப் பார்க்கலாம் என்று பதில் போடுகிறேன். தலைமைப் பண்பு என்றால் என்ன என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

புற்று முழங்காலுக்கு வந்துவிட்டது. நேற்று காலை காபி குடித்த கையோடு இறங்கிப் போய், கொண்டை ஊசியால் ஒரு துளை போட்டேன்.

இன்று காலை பார்த்தேன். அடைத்திருக்கிறார்கள்.